காதர் சாச்சாவின் அலைக்கத்தி

போன வாரம் என் மகன் ஆன்லைனில் ஒரு சமையல் கத்தி வாங்கினான். அலகு முழுக்க அலை அலையாய்க் கோடு. பெட்டியில் டமாஸ்கஸ் எஃகு என்று பெரிதாகப் போட்டிருந்தது. வேலைக்கு வரும் அம்மா பச்சை நாரால் நாலு தேய் தேய்த்ததில் பாதி அலையைக் காணோம். "மம்மி, இதி ஃபேக்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அவன் ஆபீஸ் கிளம்பிவிட்டான். நான்தான் காய் நறுக்காமல் கத்தியும் கையுமாக நின்றேன். அலை போனால் கத்தி பொய்யா? இதே கேள்வியில் ஏற்கெனவே ஒரு தடவை மாட்டிக்கொண்டு முழித்தவள் நான். இன்னும் தெளியவில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்போது செகந்திராபாத்தில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் குடியிருந்தோம். அப்பா சுந்தரத்துக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. பக்கத்து வீட்டுக் காதர் சாச்சாவுக்கும் அங்கேதான். இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருவார்கள், வழியெல்லாம் சண்டை. கிரிக்கெட், யூனியன், டீயில் சர்க்கரை, எதுவும் பாக்கியில்லை. சாச்சாவின் தமிழ் எங்களிடம் கற்றது, நாங்கள் ஆமாமுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ என்பது அவரிடம் கற்றது. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் நாங்கள் பேசுவதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

சாச்சாவிடம் அவருடைய தாத்தா காலத்துக் கத்தி ஒன்று இருந்தது. முழ நீளம். இரும்புக்குள் தண்ணீர் ஓடுகிற மாதிரி கோடுகள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், பத்திரமாக இருக்கட்டும் என்று அதை அப்பாவிடம் கொடுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. சிநேகிதன் கத்தி நம் வீட்டில் இருக்கும்போது அதற்கும் பொட்டு வைக்காமல் இருக்கலாமா? பூஜைக்கு வைக்கிற சாமான் மங்கலாக இருக்கலாமா? அப்பா அதை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் பாலிஷ் போடும் பஃபிங் வீலில் பிடித்துவிட்டார். கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது. சந்தனம், குங்குமம், ஸ்பேனர் பக்கத்தில் மரியாதையாக இடம். அம்மாதான் கேட்டாள், கோடெல்லாம் எங்கே என்று. அப்பா அன்றைக்குச் சுண்டலைத் தொடவில்லை.

நானோ அப்போதுதான் பாலாநகரில் ஒரு பிளேடு கம்பெனியின் டெஸ்டிங் லேபில் சேர்ந்திருந்தேன். குரோமியம் கலந்த, துருப்பிடிக்காத, புதுமாதிரி எஃகு. மைக்ரோஸ்கோப்பில் பட்டையோ அலையோ தெரிந்தால் அந்தச் சரக்கைத் தள்ளிவிட வேண்டும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். பகலெல்லாம் அலை இருக்கிறது என்று ரிஜெக்ட் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அலை போச்சே என்று அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். எது நல்ல இரும்பு என்பதே எனக்குக் குழம்பிப்போனது.

லேப் இன்சார்ஜிடம் கேட்டேன். நிஜமான பழைய உருக்கென்றால் அலை உள்ளேயே ஓடும், பாலிஷ் அதை மறைக்கத்தான் செய்யும், புளிப்பாக எதையாவது தடவினால் திரும்ப எழும்பும் என்றார். மேலாக ஆசிட்டில் வரைந்த கோடென்றால் போனது போனதுதான். அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடி எலுமிச்சம்பழத்தை நறுக்கினேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"வரலேன்னா? அவங்க தாத்தா கத்தி டூப்புன்னு நானே காட்டிக் குடுத்தாப்ல ஆயிடும். விட்டுடும்மா."

வந்துவிட்டால் என்று கேட்டேன். வரலேன்னா என்றார் மறுபடியும்.

சாச்சா வந்ததும் அப்பா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சாச்சா கத்தியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நான் எலுமிச்சை மூடியை நீட்டி விவரம் சொன்னேன். "நக்கோ பேட்டி, வேணாம் மகளே" என்று கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

அதற்கப்புறமும் சேர்ந்துதான் வேலைக்குப் போனார்கள். ஆனால் அப்பா சண்டை போடுவதை விட்டுவிட்டார். சாச்சா எதைச் சொன்னாலும் சரி, சரி. வேண்டுமென்றே சாச்சா வம்புக்கு இழுத்தாலும் சரிதான் பாய் என்று தலையாட்டுவார். பார்க்கச் சகிக்காது எனக்கு. ரிட்டயர் ஆகும்வரை அப்படியே ஓட்டினார்கள்.

அப்பா போய், காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் சாச்சா துணிச்சுருளோடு வந்தார். எலுமிச்சங்காய் இருக்கிறதா என்றார். அன்றைக்கே பார்த்திருக்கலாமே சாச்சா என்றேன், ஆற்றாமையில்.

"வராம போயிருந்தா சுந்தரம் பாய் தாங்கியிருப்பானா பேட்டி? இப்போ யாருக்கு என்ன."

தடவினேன். காத்திருந்தோம். இரும்பு மெல்லக் கறுத்தது. சாச்சா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "ஆ கயா! பாரு, வந்துருச்சு" என்றார். நானும் பார்த்தேன். புளிப்பு பட்டால் எந்தப் பழைய இரும்பும் கறுக்கும். கோடாகக் கறுத்ததா, வெறும் கறையா? லேபில் அத்தனை வருஷம் கண்ணைக் கொடுத்தவளுக்குத் தெரியவில்லை. கண்ணில் வேறு தண்ணீர். "ஹவ் சாச்சா, வந்துருச்சு" என்றேன்.

அவர் கத்தியும் கையுமாகத் துள்ளி எழுந்து, உள்ளறைப் பக்கம் திரும்பி, "சுந்தரம் பாய்!" என்று சத்தமாகக் கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது.

சாச்சாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு வீட்டையும் இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். கத்தி என்ன ஆச்சு என்று அவர் பிள்ளைகளிடம் கேட்டேன். எந்தக் கத்தி ஆன்ட்டி என்றார்கள். அன்றைக்கு அலை வந்ததா என்று கவலைப்பட இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கோ தெரியவில்லை.