நிறுத்தத்தில் கேட்ட குதிரை ஜோக்

நம்பினால் நம்புங்கள். கதை கட்டுகிற மனநிலையிலா நான் இருந்தேன்? அப்பா இறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

எங்கள் பல்கேரியாவில் இறந்தவரின் படத்தோடு இரங்கல் தாள் அச்சடித்து, கதவிலும் கம்பத்திலும் ஒட்டுவோம். சாமி கும்பிட்டவர் என்றால் மேலே சிலுவை. பழைய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் என்றால் சிவப்பு நட்சத்திரம். அப்பாவுக்குச் சிலுவை. கடைசித் தாளை ஒட்ட ஊர்க்கோடிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். பனி கொட்டி ஓய்ந்து, இருட்டத் தொடங்கியிருந்தது.

பெஞ்சில் ஒரு முன்பின் தெரியாத கிழவர். கோட்டில் கட்சிச் சின்னம். என் வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது. அவர் வாயிலிருந்து வரவில்லை.

"சிலுவையா போட்டிருக்கே?"

"பின்னே, உங்க நட்சத்திரத்தையா போடுவாங்க, தோழரே?"

பக்கத்தில் ஒட்டியிருந்த பழைய தாளைக் காட்டினார். அதிலும் சிலுவை. படத்தை உறைபனி மூடியிருந்தது.

"இவன் சாகுற வரைக்கும் கட்சிக்காரன். மகன் எலெக்‌ஷன்ல நிக்கிறான். ஓட்டுக்காகச் சிலுவை போட்டுட்டான். அதைச் சுரண்டிடு, பொண்ணே."

"நீங்களே சுரண்டுங்க."

"என் கையால... ஆகாது."

"அப்போ கிடக்கட்டும். ஒரு ஜோக் சொன்னதுக்கு எங்கப்பாவை மூணு வருஷம் முகாம்ல கல்லு உடைக்க விட்டவங்கதானே நீங்க."

"எங்க காலத்துல வேலையில்லாம எவன் இருந்தான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மெல்லக் கேட்டார்.

"எந்த ஜோக்? குதிரை ஜோக்கா?"

"எனக்குத் தெரியாது."

"கூட்டுப் பண்ணைக் குதிரை ஏன் எப்பவும் தலையாட்டுது? கட்சிக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்துருச்சு!"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சத்தமே வராமல்...

கர்ர்ர்...

பேருந்து திரும்பியது. விளக்கு வெளிச்சம் பெஞ்சில் விழுந்தது.

யாரும் இல்லை.

பெஞ்சின் மேல் பனி... கலையவே இல்லை.

வீட்டுக்கு ஓடிவந்து அத்தையிடம் கேட்டேன்.

"அப்பா அந்த ஜோக்கை யார்கிட்ட சொன்னாரு?"

"அந்த ஊர்க்கோடி நிறுத்தத்துலதான். பஸ்ஸுக்கு நின்ன எவனோ ஒருத்தன்கிட்ட. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். விடியறதுக்குள்ள வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. என்ன ஜோக்குன்னு உங்கம்மாகிட்டகூடச் சொல்லல."

மறுநாள் வெயிலில் போய்ப் பார்த்தேன். பழைய தாளில் பனி உருகியிருந்தது. அதே முகம். அதே சின்னம். செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

சிலுவையை நான் சுரண்டவில்லை. யாரையும் சுரண்ட விடவும் மாட்டேன். கிடக்கட்டும் அவன் அதன் கீழே.

ஆனால் நான் சிரித்தேனே... அப்பா சிரித்த அதே இடத்தில், அதே ஜோக்குக்கு, அவனோடு சேர்ந்து.