அஞ்சலையின் கழுத்து

மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங்கில் ரொட்டி சானாய்க் கடை நடத்தும் அஞ்சலைக்கு வயது நாற்பத்தாறு. சித்தியவானுக்கு அருகே, இன்று செம்பனைக் காடாகிவிட்ட ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய சன்னாசியின் மகள். நாள்தோறும் இருநூறு உருண்டை மாவை வீசி விரிக்கும் கை. கடைசி மேசைவரை எட்டும் குரல். சென்ற ஆண்டு அவர் கழுத்தில் எழுந்த கட்டி தைராய்டுப் புற்று என்று தெரிந்தது.

அரசு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: கட்டி மூச்சுக்குழாயை ஒட்டி நிற்கிறது, பக்கத்து நெறிக்கட்டிலும் ஐயம் உண்டு, கழுத்தைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

கேட்டு நடுங்கியவர் அஞ்சலையல்லர். அவருடைய கணவர் அர்ச்சுனனின் அக்காள் தனலெட்சுமி.

"தாலி தொங்குற எடத்துலயா கத்தி வைக்கிறது? என் தம்பிக்கு ஆவாதுலா! ரோபோட் இருக்காம், கக்கத்து வழியா எடுத்துருவாங்களாம். கழுத்துல ஒரு கோடுகூட விழாது."

"நோவு எனக்கா, தாலிக்கா அண்ணி?"

"வாய் மட்டும் கொறையல ஒனக்கு!"

கணவனுக்குக் கேடு என்ற சொல்லின் முன் அஞ்சலையின் உறுதி தளர்ந்தது; ரோபோட் அறுவைக்கு இசைந்தார்.

ஆலத்தை மிடற்றில் நிறுத்தியவனைக் கறைக்கண்டன் என்று நாளும் வாயாரப் போற்றுகிறோம். இறைவன் கழுத்தில் கறை நமக்கு அருள்; ஒரு பெண்ணின் கழுத்தில் உயிர் காக்கும் தழும்பு மட்டும் அபசகுனமா? இந்த வழிபாட்டை எந்தக் கோயிலில் கற்றோம்?

தனியார் மருத்துவமனையில் ரோபோட்டை இயக்கிய மருத்துவர் 'இது இயலாது' என்று சொல்லியிருக்க வேண்டும். அம்முறை, சுரப்பிக்குள் அடங்கிய சிறு கட்டிக்கே உரியது. ஒட்டிய கட்டி எங்கே முடிகிறது, குழாய் எங்கே தொடங்குகிறது என்று விரல் தொட்டறிவதை அவருடைய கருவி அறியாது. இத்தகைய அறுவையை எத்தனை முறை செய்தீர்கள் என்று எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "தழும்பே தெரியாது" என்பதோடு அவருடைய விளக்கம் முடிந்தது.

தழும்பு தெரியவில்லைதான். அறுவையின்போது கையைத் தூக்கி வைத்திருந்ததில் வலக்கை இரண்டு மாதம் மரத்துக் கிடந்தது. வீசிய மாவு தரையில் விழுந்தது. எட்டாம் மாதம் ஸ்கேன் உண்மையைச் சொல்லிற்று: மூச்சுக்குழாய் ஓரம் எஞ்சிய கட்டி வளர்ந்திருந்தது; மூன்று நெறிக்கட்டுகளில் புற்று பரவியிருந்தது.

அஞ்சலை அரசு மருத்துவரிடமே திரும்பிச் சென்றார்.

"அன்னைக்கே செஞ்சிருந்தா லேசும்மா. இப்ப குரல் நரம்பக் காப்பாத்த முடியுமான்னு உறுதியா சொல்ல முடியாது."

"என் குரலுக்குப் பயந்து எதையும் விட்டு வெச்சிராதீங்க டாக்டர். எல்லாத்தையும் எடுத்துருங்க."

கட்டி ஒருபக்க நரம்பைச் சூழ்ந்திருந்தது. அந்த நரம்பையும் எடுத்தார்கள். கட்டி முழுதும் போயிற்று. குரலில் பாதியும் போயிற்று.

ஐந்தாம் வாரம் அஞ்சலை கடை திறந்தார். கழுத்தின் குறுக்கே ஓடி, காதை நோக்கி ஏறியிருந்தது தழும்பு. தனலெட்சுமி ஒரு துப்பட்டாவுடன் வந்து நின்றார்.

"இதச் சுத்திக்க அஞ்சலை. ஆளுங்கல்லாம் பாக்குறாங்க."

அஞ்சலை அதை வாங்கினார். மாவுக்கல்லில் வழிந்திருந்த எண்ணெயை அதனாலேயே அழுத்தித் துடைத்தார்.

"பாக்கட்டும் அண்ணி." காற்றும் கரகரப்புமாக வந்தது குரல். "கழுத்துல கோடு விழாம பாத்துத்தான் எட்டு மாசத்தத் தொலைச்சோம்."

பிறகு தலையை நிமிர்த்தி, அடுத்த உருண்டையை எடுத்தார்.