மெயின் லிஃப்ட் முன்னால் ஸ்டெல்லா அக்கா

சுவரில் படம் வரைகிறவனுக்குச் சொந்தச் சுவர் கிடையாது. அதனால் அந்தப் பக்கம் போகிற வருகிற எல்லாருமே அவனுக்கு முதலாளி. போர்டு எழுதுகிறவர்கள், ஷட்டருக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள், என்னைப் போலச் சாரத்தில் நின்று தெருச்சுவரில் வரைகிறவர்கள், உங்களுக்கெல்லாம் இதை விளக்க வேண்டியதில்லை. ஆடுகோடியில் ஒரே ஒரு சுவரால் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

கலர் மட்டும்

ரோட்டைப் பார்த்த ஒரு அப்பார்ட்மென்ட்டின் காம்பவுண்டுச் சுவர் அது. அசோசியேஷன் செயலாளர் தமிழர், ரிட்டயரான அதிகாரி. போனில் படங்களைக் காட்டி "பாப் ஆர்ட் வேணும்" என்றார். தடித்த கறுப்புக் கோடு, பெரிய பெரிய புள்ளிகள், கண்ணைப் பறிக்கிற மஞ்சளும் ரோஸும், காமிக்ஸில் வருவது போலப் பேச்சுக்கு ஒரு பலூன். இந்த மாதிரிப் படத்தில் சமூகத்தைக் கொஞ்சம் குத்துவதும் வழக்கம்தான் சார் என்றேன். அவர் முகம் சுருங்கியது. நம்ம பில்டிங் ஆள் யாராவது ஒருத்தரைச் சந்தோஷமாக வரைந்தால் போதும் என்றார்.

"கலர் எவ்வளவு வேணா போடுங்க தம்பி, கருத்து மட்டும் வேணாம்."

கையில் என்ன

தண்ணீர் பிடிக்க உள்ளே போனபோது லிஃப்ட் பக்கத்தில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். வீட்டு வேலை செய்கிறவர்கள் மெயின் லிஃப்டில் ஏறக் கூடாது. அவர்களுக்கென்று இருந்த சர்வீஸ் லிஃப்ட் ரொம்ப நாளாக ரிப்பேர். படிக்கட்டில் ஒரு அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் ஸ்டெல்லா. லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் மாறி வந்து, ஐந்தாவது மாடியில் ஒரு வீடும் எட்டாவது மாடியில் ஒரு வீடும் பார்க்கிறவர். அவர் குடும்பமும் தங்கவயல், என் குடும்பமும் தங்கவயல். சுரங்கம் மூடியதும் நாங்கள் இந்த ஊர் ஆஸ்டின் டவுனுக்கு வந்து சேர்ந்தோம், அவர்கள் லிங்கராஜபுரத்துக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு அவர் மறுபடி ஏறத் தொடங்கினார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். "அக்கா, சுவர்ல உங்களை வரையட்டுமா?" என்று கேட்டேன். பைகளைப் படியில் இறக்கி வைத்தார்.

"வரை தம்பி. ஆனா என் கையில வெளக்கமாறு மட்டும் குடுத்துடாத."

கொடுக்கவில்லை. கூலிங் கிளாஸ் போட்டு, ஆரஞ்சுச் சேலையில், அந்த மெயின் லிஃப்டின் முன்னால் பட்டனை அழுத்திக்கொண்டு நிற்கிறார். பலூனில் இந்த ஊர்க் கன்னடத்தில், 'நான் மேலே போறேன்.'

ஃபேர்

அக்கா நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பின் மேல் ஊதாப் புள்ளிகள் வைத்தபோது படத்துக்கு உயிர் வந்துவிட்டது. எட்டாவது மாடி மேடம் காரை நிறுத்தி இறங்கினார். வாரத்தில் ஆறு நாள் தன் வீட்டுச் சமையலறையில் நிற்கிற முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"நல்லா இருக்கு, முகத்தை மட்டும் கொஞ்சம் ஃபேர் பண்ணிடுங்க, டீசன்ட்டா இருக்கும்."

ஃபிரேம்

படம் முடிந்ததும் கூட்டம். ஆபீஸ் போகிற பிள்ளைகள் சுவரில் சாய்ந்து, படத்தில் உள்ளதுபோலவே விரலை நீட்டி செல்ஃபி எடுத்தார்கள். 'உழைக்கும் பெண்களுக்கு சல்யூட்' என்று போட்டார்கள். நான் எதிரே டீக்கடையில் நின்று கொஞ்சம் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஸ்டெல்லா அக்கா வேலை முடிந்து வெளியே வந்தார். தன் படத்தின் கீழே ஒரு நிமிடம் நின்றார். முதல் தடவையாக அதை முழுசாகப் பார்க்கிறார். போனைத் தூக்கிப் பிடித்திருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். அதுதான் இன்னும் ஆறவில்லை.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஃபிரேம்ல வர்றீங்க."

கேட்

செல்ஃபிகள் சுற்றி, 'இது எந்த பில்டிங், எந்த லிஃப்ட்' என்று கேள்வி வந்த பிறகுதான் அசோசியேஷனுக்குக் கருத்து புரிந்தது. படத்தில் இருப்பது யார் என்று செக்யூரிட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். மறுநாள் காலை ஸ்டெல்லா அக்காவை உள்ளே விட வேண்டாம் என்று செக்யூரிட்டிக்கு உத்தரவு. வரைந்தவன் நான், வேலை போவது அவருக்கு. ஓடிப்போய்ச் செயலாளரிடம் கத்தினேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வந்தால் கேட்டில் வேறு காட்சி. அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் அக்காவோடு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். கோஷம் இல்லை, சண்டை இல்லை. ஒருத்தரும் மாடிக்குப் போகவில்லை. மேலே பாத்திரம் குவிந்தது. ஆபீஸுக்கு நேரமானதும் ஒவ்வொரு மேடமாக இறங்கி வந்தார்கள். ஐந்தாவது மாடி மேடம் அக்காவைத் தானே கையோடு மெயின் லிஃப்டில் கூட்டிப்போனார்.

மேடம்களுக்கு அவசரம் அன்றைக்கு மட்டும்தான். சாயங்காலமே சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். நோட்டீஸுக்குப் புதுக் கண்ணாடி போட்டார்கள். வேலை முடிந்து வந்த அக்காவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். அவரே சொன்னார்.

"அந்த லிஃப்ட்ல போயிட்டேன் தம்பி, மேடம் என் பக்கம் திரும்பவே இல்ல, மாடி நம்பரையே பார்த்துட்டு வந்தாங்க."

உழைக்கிற ஒரு பெண்ணைச் சுவர் உயரத்துக்கு வரைந்தால் சல்யூட் வைப்பார்கள், அவளே பக்கத்தில் வந்து நின்றால் நம்பரை எண்ணுவார்கள், இந்த ஊரை அழகுபடுத்தத்தான் நாமெல்லாம் சாரம் கட்டி ஏறிக்கொண்டிருக்கிறோம்.