மேஜையைத் தொட்ட ஹில்டா

அகராதி ஆபீசில் மியூரியலின் பங்குக்கு வந்த சொல் ‘ரன்’. ஆள் ஓடினாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், கடை நடத்தினாலும், தேர்தலில் நின்றாலும் அதே ரன்தான். அந்தச் சொல் வரும் வாக்கியங்களை எழுதிய மேற்கோள் சீட்டுகளைப் பொருளுக்கொரு குவியலாக மேஜையில் அடுக்கவே ஒன்பது மாதம் ஆனது. ‘யாரும் தொடக்கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தாள்.

அந்தக் குளிர் தேசத்தில் அதிசயமாக வெயில் கொளுத்திய ஒரு ஜூன் காலையில், புத்தி கெட்டு ஜன்னலை அவளே திறந்தாள். அடித்த காற்றில் அத்தனை சீட்டும் தரையில் சிதறின. அழக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

பெருக்க வந்த ஹில்டா டிரான்டர் ஒரு சீட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். மூலையில் பென்சிலால் பதினேழு என்றிருந்தது.

“என்ன மிஸஸ் டிரான்டர் இது?”

“பதினேழாவது குவியல், மிஸ். தொடாம எப்படித் தூசி தட்டறது? மாறிப்போனா என்னை உரிச்சுத் தொங்கவிட்டுருவீங்களேன்னு எல்லாத்துலயும் நம்பர் போட்டு வச்சேன். திட்டாதீங்க.”

மியூரியல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

அச்சான அகராதியின் முன்னுரையில் பண்டிதர்கள் பெயர்தான் இருந்தது. மியூரியல் தன் பிரதியில் ‘ரன்’ பக்கத்தைப் பிரித்து, ஓரத்தில் பென்சிலால் ‘ஹில்டா டிரான்டர்’ என்று எழுதி அவளிடமே நீட்டினாள்.

“ஐயோ, புஸ்தகத்துல போய்க் கிறுக்கலாமா மிஸ்?”

“நீங்க கிறுக்கினதாலதானே இந்தப் பக்கமே இருக்கு.”