இடைவேளைக்குப் பிறகு வரும் கைதி

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் நாகேந்திரன் ஐம்பத்திரண்டு வயதுவரை எதற்கும் முன்னால் போய் நின்றவரில்லை. கல்யாண வீட்டில் போட்டோ எடுத்தால்கூட யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால்தான் இருப்பார். அப்படிப்பட்டவரைப் பிடித்துச் சினிமாக்காரர்கள் போர்க்கைதி ஆக்கிவிட்டார்கள்.

மகள் தீபாவுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காகத் திருத்தணி மலையில் மொட்டை போட்டுக்கொண்டு படியிறங்கினார். தலையில் பூசிய சந்தனம் காயவில்லை, கீழே நின்றிருந்த படக்கம்பெனி ஆள் கையைப் பிடித்துக்கொண்டார். போர்க்கைதிகளாக நடிக்க நாற்பது மொட்டைத்தலை வேண்டுமாம். அதற்கு இந்த ஊரை விட்டால் வேறு ஊர் ஏது! கெட்டிக்கார ஆசாமி. ஒன்பது நாள் கல்குவாரி வெயிலில் நடித்துவிட்டு வந்தார் நாகேந்திரன்.

படம் வெளியானதும் மனைவி மணியம்மை, அவள் அண்ணன் கண்ணையன், தெருக்காரர்கள் என்று பதினாலு பேரைத் திருத்தணிக்குப் பகல் காட்சிக்கு அழைத்து வந்தார்.

படமா அது! சிறைபிடித்து ஆறு மாதமாகியும் கைதிகளின் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. பட்டினி கிடக்கும் கதாநாயகனுக்குக் கன்னம் பன்னுபோல் உப்பியிருந்தது. சிறைக்குள்ளே காதல் பாட்டு வேறு. இடைவேளையில் பாதித் தியேட்டர் காலி.

கண்ணையனும் எழுந்துவிட்டார். தங்கச்சி புருஷனை இருபத்தைந்து வருஷமாக ஒரு பொருட்டாக மதிக்காத மனிதர். அவர் பார்க்க வேண்டும் என்றுதானே நாகேந்திரன் இவ்வளவு ஆசையாய்க் கூட்டி வந்தார்!

"வா மாப்ள, தல வலிக்குது. பஸ்ஸு போயிடும்."

"இருங்க பாவா, இனிமேதான் நான் வர்றேன்."

"அப்ப புடிச்சி இதையே சொல்லிகினு கீறியே, நாங்க இன்னா கைதியா?"

நாகேந்திரன் ஓடிப்போய் வாசலை மறித்துக் கைகளை விரித்து நின்றார். "பத்தே நிமிசம் பாவா! ஒங்க கால்ல வேணும்னாலும் வுழறேன்!"

அவர் குரல் இவ்வளவு உயரும் என்று மணியம்மைக்கே தெரியாது. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

வந்தது அந்தக் காட்சி. கைதிகளுக்கு ஆளுக்கொரு பிடி சோறு. சுவரோரம் ஒரு மொட்டைத்தலை தன் சோற்றைப் பாதியாகப் பிரித்து, பக்கத்தில் சுருண்டு கிடந்தவனுக்கு ஊட்டியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, படப்பிடிப்பில் நாகேந்திரன் தானாகச் செய்தது. அதுவரை விசிலடித்துக் கேலி செய்தவர்கள்கூட அடங்கிப்போனார்கள்.

"அதோ! எங்க வூட்டுக்காரரு!" மணியம்மை நாற்காலிமேல் ஏறாத குறை.

கண்ணையன் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரையில் கதாநாயகன் திரும்பவும் வசனம் பேச ஆரம்பித்தான், மகா அறுவை. தெருக்காரர் ஒருவர் கிளம்பலாம் என்று எழுந்தார்.

"ஒக்காருப்பா!" என்று அதட்டினார் கண்ணையன். "மாப்ள, நீ இன்னொருவாட்டி வருவ இல்ல?"

நாகேந்திரனின் முகம் தெரிய எடுத்தது அந்த ஒரே காட்சிதான்; அன்று மாலையே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

"வந்தாலும் வருவேன் பாவா," என்றார்.

பதினாலு பேரும் அந்தப் படத்தைக் கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தார்கள்.