அலெக்சாண்டிரியா கடற்கரையில் கேட்ட துஆ

இடுப்பில் ஒரு ஈரக் கைலி. உடம்பில் வேறு துணி இல்லை. கையில் பாஸ்போர்ட் இல்லை. நடுப்பகலில், பாஷை சரியாகத் தெரியாத ஊரின் கடற்கரையில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அல்லாஹ்வை நம்பிய சகோதரர்களே, மேலப்பாளையத்துக்காரனான எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். இதில் வரும் மஸ்தானின் பெயரையாவது மாற்றிச் சொல்லக் கூடாதா என்று வீட்டில் கேட்டார்கள். மாற்ற மாட்டேன்.

தொண்ணூறுகளில் லிபியாவுக்கு விமானம் ஓடாத காலம் ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த நாங்கள் ஊருக்கு வர வேண்டுமென்றால், பாலைவன ரோட்டில் பஸ் ஏறி எகிப்துக்கு வந்து, கெய்ரோவில் விமானம் பிடிக்க வேண்டும். தங்கச்சி நிக்காஹுக்காக நான் கிளம்பினேன். எங்கள் வாப்பா மவுத்தாகிவிட்டார், தகப்பன் இடத்தில் நான்தான் நிற்க வேண்டும். "காக்கா, நீ வந்து நிக்காம நான் சம்மதம் சொல்ல மாட்டேன்" என்று அவள் கேசட்டில் பேசி அனுப்பியிருந்தாள். அதைக் கேட்டுக் கேட்டு நாடாவே தேய்ந்துவிட்டது. கூடக் கிளம்பியவன்தான் மஸ்தான். அடுத்த தெருக்காரன், ஒரே மதரஸாவில் ஓதியவன்.

வழியில் அலெக்சாண்டிரியா. மத்தியதரைக் கடலோரத்துப் பட்டணம். இனி எங்கே வரப்போகிறோம், பார்த்துவிட்டே போவோம் என்று இறங்கினோம். முதுகில் ஆளுக்கொரு பை. லாட்ஜுக்குக் காசு ஏது? பள்ளிவாசல் வராந்தாவில் படுக்கை. தள்ளுவண்டியில் ரொட்டியும் அவித்த பயறும். டிராமில் தொற்றிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினோம். வெயில் பளீரென்று அடித்தது, கடல் அப்படி ஒரு நீலம். தாமிரபரணியில் விழுந்து எழுந்து வளர்ந்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் கை கால் சும்மா இருக்குமா?

"லே, பையப் பாத்துக்க" என்று மஸ்தானிடம் சொல்லிவிட்டுக் கடலில் இறங்கினேன்.

கரையேறிப் பார்த்தால் ஆளையும் காணோம், பையையும் காணோம். பாஸ்போர்ட், டிக்கெட், தங்கச்சிக்கு வாங்கிய நகை, கழற்றிப் போட்ட சட்டை எல்லாம் போயிற்று. பாவி, சட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை.

கடற்கரைப் பள்ளிவாசலுக்குத் தட்டுத்தடுமாறிப் போனேன். அங்கே பெருக்கிக்கொண்டிருந்தவர் என் கோலத்தைப் பார்த்து ஒரு பழைய அங்கியைக் கொடுத்தார். தொழுதேன். கையேந்தினேன். பயணியின் துஆவும் அநியாயம் செய்யப்பட்டவனின் துஆவும் தட்டப்படாது என்று மதரஸாவில் படித்திருக்கிறேன். அன்றைக்கு நான் ரெண்டும்தான். ரெட்டைச் சீட்டு கையில் இருக்கிறது. அதை வைத்துப் பாஸ்போர்ட்டைக் கேட்டேனா? இல்லை. தங்கச்சி நிக்காஹைக் கேட்டேனா? அதுவும் இல்லை. "யா அல்லாஹ், மஸ்தான் இந்த ஊரைத் தாண்டக் கூடாது. அவன் கால் ஒடியணும்" என்று கேட்டேன். நெஞ்சு எரிய எரிய, வக்துக்கு வக்து, ஒவ்வொரு தொழுகையிலும் அதையே கேட்டேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெருக்குகிறவர் ஓடி வந்தார். இந்தியாக்காரனை அங்கே 'ஹிந்தி' என்பார்கள். டிராமிலிருந்து விழுந்து ஒரு ஹிந்தி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றார். போய்ப் பார்த்தேன். மஸ்தானேதான். கால் முழுக்க மாவுக்கட்டு, தலைமாட்டில் என் பை. ஸ்டேஷனுக்குப் போகிற அவசரத்தில் ஓடுகிற டிராமில் ஏறியிருக்கிறான். பொய் சொல்ல மாட்டேன், என் வயிறு குளிர்ந்தது.

பையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தது.

"புத்தி கெட்டுப் போச்சுலே. நீ என்னமும் துஆ கேட்டியா?" என்றான்.

"கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"ஒன் காலு ஒடியணும்னு கேட்டேன்."

அவன் மாவுக்கட்டைக் காட்டினான். "அதான் ஒடிஞ்சு கெடக்கேன். அத மாத்திக் கேளுலே, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"மாட்டேம்லே, போ" என்று வாசல்வரை வந்துவிட்டேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. இவனை இங்கே விட்டால், ஊருக்கு வந்து கதையை மாற்றிச் சொல்லிவிடுவான். கூடவே கூட்டிப்போய், அவனைப் பெற்ற உம்மா முன்னால், தெருவே கூடியிருக்கும்போது, அவனை நிறுத்தி வைத்து அவன் செய்ததை என் வாயால் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கூட்டிவந்தேன், இரக்கப்பட்டு அல்ல. கெய்ரோ, பம்பாய், திருநெல்வேலி ஜங்ஷன் என்று வழி முழுக்க அவனைத் தாங்கிக்கொண்டே, சொல்லப்போகிற வார்த்தைகளை மனசுக்குள் கூர் தீட்டிக்கொண்டு வந்தேன்.

ஜங்ஷனிலிருந்து டவுன் பஸ் ஏறினோம். ஆற்றுப்பாலம் வந்ததும் மஸ்தான் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாலம் தாண்டினா ஊரு வந்துரும்லே. அப்புறம் நீ பயணி இல்ல. இப்பமே கேட்டுரு. இந்தக் காலோட எங்க உம்மா என்னையப் பாக்கக் கூடாது."

கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனாலும் கையேந்திவிட்டேன். "யா அல்லாஹ், இவன் காலைக் கொடுத்துவிடு. சும்மா கொடுக்காதே. ஐந்து வக்தும் பள்ளிக்கு வந்து என் பக்கத்திலேயே நிற்கட்டும். நிற்கும்போதெல்லாம் என்னை நினைத்துக் கூசட்டும்" என்று கேட்டேன்.

தெருவில் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. அவன் உம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுததில் வாய் அடைத்துவிட்டது. அதனால்தான் இப்போது சொல்கிறேன். நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. தங்கச்சிக்குப் பக்கத்தில் நான் நின்றேன், அல்ஹம்துலில்லாஹ்.

பாலத்தில் கேட்ட துஆவும் தட்டப்படவில்லை. அவன் கால் கூடிவிட்டது. ஒரு வக்து தவறாமல் வருகிறான், எனக்கு வலப்பக்கம் நிற்கிறான். பயணத்தில் இருக்கிற சகோதரர்களே, மனமுடைந்து நிற்கிறவர்களே, தயங்காமல் கையேந்துங்கள், கேட்கிறவன் இருக்கிறான். நான் கேட்ட லட்சணத்துக்கே கொடுத்தவன், உங்களுக்குக் கொடுக்க மாட்டானா?

தொழுகை முடிவில் முதலில் வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் திரும்பி ஸலாம் சொல்ல வேண்டும் அல்லவா, அப்போது மஸ்தான் இடப்பக்கம் திரும்பி எனக்குச் சொல்லியே தீர வேண்டும். நல்லா வேணும் அவனுக்கு. ஆனால் அதற்கு முன்னால் நான் வலப்பக்கம் திரும்பி, "உங்கள் மீது சாந்தியும் அல்லாஹ்வின் அருளும் உண்டாகட்டும்" என்று அவனுக்குச் சொல்லியாக வேண்டும். பாலத்தின் மேல் கேட்டபோது இது என் மண்டையில் ஏறவே இல்லை. ரொம்ப வருஷம் வாயால் மட்டும்தான் சொல்லி வந்தேன். போன நோன்பிலிருந்து, சில வக்துகளில், மனசாலும் சொல்ல வருகிறது.