அழிந்துபோன மூன்றாம் பக்கம்

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. ஈப்போவிலிருந்து கேமரன் மலையில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியையாகப் போயிருந்தேன். கணக்குப் பாடத்துக்குத்தான் எடுத்தார்கள். நான் போன சில மாதங்களில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தது. இருப்பதிலேயே வயதில் இளையவள் நான்தான் என்று தலைமையாசிரியர் அதை என் தலையில் கட்டிவிட்டார். அதற்குமுன் நான் கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை.

அது ஒரு விசைப்பலகை மட்டும்தான். பழைய தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்க வேண்டும். எழுதியதைச் சேமிக்க, பாட்டுக் கேட்கும் கேசட்டில்தான் பதிவு செய்ய வேண்டும். சனிக்கிழமை காலைகளில் நூலகத்தின் மூலையில் வகுப்பு. பதினாறு வயது, நான்காம் படிவ மாணவர்கள் ஒன்பது பேர், கம்ப்யூட்டர் ஒன்று. வெள்ளிக்கிழமை புத்தகத்தில் படித்ததை மறுநாள் பெரிய மேதை மாதிரி சொல்லிக்கொடுப்பேன். கட்டம் போட்ட தாளில் முதலில் படம் போடுவோம். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. கோடும் புள்ளியும் நட்சத்திரக் குறியுமாகத் திரையில் வீடு, மரம், பூ எல்லாம் வரும். குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டு அவரவர் முறைக்குக் காத்திருப்பார்கள்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி தேயிலைத் தோட்டத்திலிருந்து வருவாள். அதிகம் பேச மாட்டாள். மூன்றாவது வாரமே என்னைத் தாண்டிப் போய்விட்டாள். அவள் செய்ததைப் போட்டால், திரையில் முதலில் ஒரு மலை. மலை முழுக்க வரிசை வரிசையாகத் தேயிலைச் செடிகள். கீழே மூன்று எண்கள். ஒன்றை அழுத்தினால் கொழுந்து பறிக்கும் பெண்கள், இரண்டை அழுத்தினால் அவள் அப்பா வேலை பார்க்கும் தொழிற்சாலை, மூன்றை அழுத்தினால் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடு. வாசலில் சௌசௌ பந்தல்கூட இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகலாம் என்பதே எனக்குத் தெரியாது.

"இத எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன்.

"தெரியல டீச்சர். கதவு மாதிரி வச்சுப் பாத்தேன், தொறந்துருச்சு" என்றாள்.

இதைச் செய்ய அவளுக்கு மூன்று மாதங்கள் ஆயின. கேசட் பெட்டியில் ஓடும் எண்களில் எதில் தன்னுடையது ஆரம்பிக்கிறது, எதில் முடிகிறது என்று கேசட்டின் அட்டையில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள்.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை பள்ளியின் 'திறந்த நாள்', மாணவர்கள் செய்ததைக் காட்சிக்கு வைக்கும் நாள். பெற்றோர்கள் வருவார்கள், கல்வி இலாகாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். முதல்நாள் மாலை நான் அவசர அவசரமாக 'செலாமாட் டாத்தாங்' என்று பெரிய எழுத்தில் ஒரு வரவேற்புப் பக்கம் செய்தேன். புதுக் கேசட் இல்லை. கையில் கிடைத்ததில் பதிவு செய்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மறுநாள் அவள் அப்பா வந்திருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர். "எங்க வீட்ட டிவியில காட்டுறேன்னு புள்ள சொல்லுச்சுங்க. அதான் லீவு போட்டுட்டு வந்தேன் டீச்சர்" என்று கூச்சத்தோடு சிரித்தார்.

விருந்தினர்களோடு தலைமையாசிரியர் உள்ளே வந்தார். கேசட்டைப் போட்டேன். என் வரவேற்புப் பக்கம் வந்தது. கைதட்டினார்கள். அடுத்து அவளுடையதை எடுக்கப் பார்த்தேன். வெறும் இரைச்சல். மறுபடி சுற்றினேன், மறுபடியும் இரைச்சல்தான். அவள் கேசட்டை வெளியே எடுத்து அட்டையைப் பார்த்தாள், கேசட் பெட்டியில் ஓடிய எண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுடையதன் மேலேயே நான் பதிவு செய்திருக்கிறேன் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

என்ன ஆயிற்று என்று தலைமையாசிரியர் கேட்டார். அந்த மாதம்தான் என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று அவர் எழுதி அனுப்ப வேண்டும். நான் பெட்டியின் வயரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார், டேப்பைச் சரியாகச் சுற்றாமல் விட்டுவிட்டேன்" என்று அவள் மலாய் மொழியில் சொன்னாள்.

இவ்வளவு கவனக்குறைவான பிள்ளையிடம் இந்த விலையுயர்ந்த பொருளைக் கொடுக்கலாமா என்று அவர் என்னைத்தான் கேட்டார். அவள் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர்கள் அடுத்த அறைக்குப் போனதும் அவள் புத்தகப் பையிலிருந்து கட்டத் தாள்களை எடுத்துப் பரப்பினாள். யாரையும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்து முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். நான் வரிவரியாகப் படித்துச் சொன்னேன். அவள் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மலை வந்தது. பறிக்கும் பெண்கள் வந்தார்கள். தொழிற்சாலை வந்ததும், "புகைபோக்கி அப்படியே இருக்கு லா!" என்று எழுந்தே விட்டார்.

அதற்குள் தோட்டத்து லோரி வாசலில் ஹாரன் அடித்தது. வீடு மட்டும் பாக்கி.

"இன்னும் கொஞ்ச நேரம்ப்பா" என்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

"போதும்மா. மிச்சம் வீடுதானே, இப்ப அங்கதானே போறோம்" என்று சொல்லி அவள் தோளைத் தட்டினார். என்னிடம் திரும்பி, "புள்ளைக்கு இவ்வளவு சொல்லிக் குடுத்திருக்கீங்க, ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு என்னைச் சுட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். லோரி கிளம்பிவிட்டது.

பள்ளி திறந்ததும் முதல் வேலையாகத் தலைமையாசிரியரிடமும் அவளிடமும் சொல்லிவிடுவது என்று விடுமுறை முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். என் வேலை நீட்டிக்கப்பட்டது. அவள் வரவில்லை. இரண்டு வாரம் பொறுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். சௌசௌ பந்தலை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வேறொரு குடும்பம் இருந்தது. "அவங்க ஜொகூர் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குப் போயிட்டாங்களே டீச்சர்" என்றார் அந்த வீட்டுப் பெண். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கே தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர், "இதைக் கேட்க வேண்டியவள் அவள்" என்று மட்டும் சொன்னார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, பணியின் கடைசிக் காலத்தில், மாணவர்களுக்கு இணையப் பக்கம் வடிவமைக்கக் கற்றுக்கொடுத்தேன். ஒன்றை அழுத்தி இன்னொரு பக்கம் திறக்கும்போது அவர்கள் முகத்தில் வரும் மகிழ்ச்சியைப் பார்க்கும் நேரமெல்லாம் மனம் அந்த நூலக மூலைக்கே போய்விடும். கதவு மாதிரி வைத்துப் பார்த்தேன் என்றாளே, அதைவிட நன்றாக அந்தப் பாடத்தை என்னால் எந்த வகுப்பிலும் சொல்ல முடிந்ததில்லை.

இப்போது அவளுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். எங்காவது ஒரு கடைத்தெருவில் எதிரில் வந்து நின்றால், நலமா என்று கேட்பதற்கும் முன்னால், "அதை அழித்தது நான்தான்" என்று அவளிடம் சொல்லிவிடத்தான் இன்றும் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.